'டர்ன் ஓஃப் இட்' இல்லை, 'டர்ன் இட் ஓஃப்': ஆங்கில வினைக்குப் பின்னால் எது எங்கே வரும்? முழுமையான வழிகாட்டி

ஹட்டனிலிருந்து பதுளை வரைக்கும் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும் லைட்டை 'ஓஃப் பண்ணு', டீவியை 'ஓன் பண்ணு' என்றுதான் சொல்வோம். கொஞ்சம் நின்று பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கிலத்தில் அது 'டர்ன் ஓஃப்', 'ஸ்விட்ச் ஓஃப்' என்று இரண்டு சொல். நாம் வினையை அங்கேயே விட்டுவிட்டு, வாலை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, வினை இருந்த இடத்தில் நம்முடைய 'பண்ணு'வை வைத்துவிட்டோம். தமிழில் பேசும்வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்துக்குத் திரும்பும்போதுதான் வம்பு. 'ஓஃப் த லைட்' என்று வாயில் வந்துவிடும். அதைத் திருத்தி 'டர்ன் ஓஃப் த லைட்' என்று பழகியவர்கள்கூட, "அணைச்சியா?" என்று கேட்டால் 'யெஸ், ஐ டர்ன்ட் ஓஃப் இட்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது பிழை. 'ஐ டர்ன்ட் இட் ஓஃப்' என்பதுதான் சரி.

சாயங்காலங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், விடுதிகளில் வேலை செய்கிற இளைஞர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும் இந்த ஒரு 'இட்'டில் வழுக்கி விழுகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வினையோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு அர்த்தத்தையே மாற்றிவிடுகிற இந்த வழக்கம் வெளிநாட்டாருக்குப் பெரிய சிரமம் என்று முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார். அவர் காலத்திலேயே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்.

சரி, படிப்படியாகப் போவோம். எல்லாப் படியும் ஒரே உயரம் இல்லை, சிவனொளிபாத மலைப் படி மாதிரித்தான்.

முதல் படி: 'இட்'டை விழுங்காதீர்கள்

இலக்கணத்துக்குப் போகும் முன்னால் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். தமிழில், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்த பொருளைத் திரும்பச் சொல்வதில்லை. "படிவத்தைக் குடுத்தியா?" "குடுத்துட்டேன்." "சாவியை எங்க வச்ச?" "மேசையில வச்சேன்." இதில் 'அதை' என்ற சொல்லே இல்லை, ஆனாலும் யாருக்கும் குழப்பம் இல்லை. யாராவது ஒவ்வொரு தடவையும் "அதைக் குடுத்துட்டேன், அதை வச்சேன்" என்று சொன்னால்தான் இவருக்கு என்ன ஆச்சு என்று பார்ப்போம்.

ஆங்கிலத்துக்கு இது ஆகாது. 'ஐ கேவ்', 'ஐ புட் ஓன் த டேபிள்' என்றால் கேட்கிறவர் "எதை?" என்று காத்துக்கொண்டிருப்பார். 'ஐ கேவ் இட் டு ஹர்', 'ஐ புட் இட் ஓன் த டேபிள்' என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லிப் பழகாத ஒன்றை எங்கே வைப்பது என்று நமக்கு எப்படித் தெரியும்? நம் ஆட்களுக்கு 'இட்' இடம் மாறிப் போவதற்கு இதுதான் அடிப்படைக் காரணம் என்பது என் எண்ணம். ஆகவே முதல் ஒரு வாரம் வேறு எதுவும் வேண்டாம். நாள் முழுக்க நீங்கள் தமிழில் சொல்கிற "எடுத்தேன், வச்சேன், பார்த்தேன், குடுத்தேன்" எல்லாவற்றையும் மனதுக்குள் 'இட்' போட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: 'ஐ டுக் இட்', 'ஐ சோ இட்', 'ஐ கேவ் இட்'.

கூடவே ஒரு சின்ன விஷயம். தமிழில் என்னை, எனக்கு, என்னிடம், என்னோடு என்று உருபு மாறிக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் அத்தனைக்கும் 'மீ' ஒன்றுதான், முன்னால் நிற்கிற குட்டிச் சொல்தான் மாறும். அந்தக் குட்டிச் சொல்லுக்குப் பின்னால் 'ஐ', 'ஹீ', 'ஷீ', 'தே' வரவே வராது. 'மை பிரதர் அண்ட் மீ' என்றால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து 'கம் வித் மை பிரதர் அண்ட் ஐ' என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 'வித்' இருந்தால் 'மீ'தான்.

இரண்டாம் படி: அது வாலா, கொக்கியா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அப், டவுன், ஓன், ஓஃப், இன், அவுட், ஓவர் போன்ற குட்டிச் சொற்கள் இரண்டு வேலை பார்க்கும். சில நேரம் வினையோடு ஒட்டி அதன் அர்த்தத்தை மாற்றும். அப்போது அது வினையின் வால். சில நேரம் வினையை விட்டுவிட்டுப் பின்னால் வருகிற பெயரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது அது கொக்கி. வால், கொக்கி இரண்டும் எங்கள் வகுப்பில் வைத்துக்கொண்ட பெயர்கள், பாடப் புத்தகத்தில் தேடாதீர்கள்.

இரண்டு வாக்கியம் சொல்கிறேன். 'ஹீ ரான் அப் த ஹில்.' அவன் மலையில் ஏறி ஓடினான். 'ஹீ ரான் அப் எ பில்.' அவன் கடையில் கடன் ஏற்றிவிட்டான். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்று. இப்போது மலையையும் கடனையும் எடுத்துவிட்டு 'இட்' போடுங்கள். மலை என்றால் 'ஹீ ரான் அப் இட்'. கடன் என்றால் 'ஹீ ரான் இட் அப்'.

ஏன் இப்படி? எங்கே ஓடினான் என்று கேட்டால் 'அப் த ஹில்' என்று அந்தத் துண்டை மட்டும் பதிலாகச் சொல்லலாம். 'அப்' அங்கே மலையைப் பிடித்திருக்கிற கொக்கி. கொக்கிக்கும் அது மாட்டியிருக்கிற பொருளுக்கும் நடுவில் எதையும் நுழைக்க முடியாது, இடத்தையும் மாற்ற முடியாது. கடன் வாக்கியத்தில் 'அப் எ பில்' என்பது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. அங்கே 'ரன் அப்' இரண்டும் சேர்ந்துதான் 'ஏற்று' என்ற ஒரே வினை. 'அப்' வினையின் வால், அது ஆடும், நகரும்.

எங்கே என்ற கேள்வி எல்லா நேரமும் கைகொடுக்காது. ஆனாலும் இடத்தைச் சொல்கிற வாக்கியங்களில் அநேகமாகப் பிடித்துவிடலாம். மற்றவற்றைக் கேட்டும் பார்த்தும்தான் பழக வேண்டும்.

மூன்றாம் படி: வால் என்றால் 'இட்' நடுவில்

பெயர்ச்சொல் வந்தால் உங்கள் இஷ்டம். 'பிக் அப் த கெஸ்ட்ஸ்' என்றும் சொல்லலாம், 'பிக் த கெஸ்ட்ஸ் அப்' என்றும் சொல்லலாம். மீ, யூ, ஹிம், ஹர், இட், அஸ், தெம் வந்தால் இஷ்டம் போச்சு, நடுவில்தான்: 'பிக் தெம் அப்'. இன்னொன்று, பொருள் நீளமாக இருந்தால் நடுவில் திணிக்காதீர்கள். 'பிக் அப் த பார்சல் தட் மை சிஸ்டர் சென்ட் ஃப்ரொம் கொலம்போ' என்று கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். நடுவில் வைத்தால் அந்த 'அப்' வந்து சேருவதற்குள் கேட்கிறவர் களைத்துப் போவார்.

இது வெறும் சட்டம் இல்லை, காரணம் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் கனம் கடைசியில் விழும், புதிய செய்தி பெரும்பாலும் அங்கேதான் உட்காரும். 'இட்' என்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதி, அதற்குக் கனம் கிடையாது, கடைசி நாற்காலி அதற்குக் கிடைக்காது. வால்தான் அழுத்தம் வாங்கும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'டர்ன் இட் ஓஃப்' என்பதில் 'ஓஃப்' ஓங்கி ஒலிக்கும், 'இட்' காதில் விழுந்தும் விழாமலும் ஓடிவிடும், 'டர்னிட் ஓஃப்' என்றே கேட்கும். 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்'தான் ஓங்கும், 'அட்' அமுங்கிவிடும். பெரும்பாலான இடங்களில் இந்தக் காதுக் கணக்கு சரியாக வரும்.

இந்த வால் சமாச்சாரம் தமிழனுக்கு முற்றிலும் புதிது என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'சாப்பிடு' வேறு, 'சாப்பிட்டுவிடு' வேறு. 'எழுது' வேறு, 'எழுதி வை' வேறு. 'கட்டு' வேறு, 'கட்டிப் போடு' வேறு. அந்த விடு, வை, போடு எல்லாம் தங்கள் சொந்த அர்த்தத்தைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டு முன்னால் இருக்கிற வினைக்கு ஒரு முடிவையோ உறுதியையோ கொடுக்கின்றன. 'ஈட் இட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. 'ரைட் இட் டவுன்' என்றால் எழுதி வை. 'டை இட் அப்' என்றால் கட்டிப் போடு. 'த்ரோ இட் அவே' என்றால் தூக்கிப் போட்டுவிடு. ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் தமிழில் இந்தத் துணைவினைகளைத் தினமும் சரியாகப் போடுகிற காது, ஆங்கில வாலையும் பிடித்துக்கொள்ளும்.

அன்றாடம் தேவைப்படுகிற வால் வினைகளை இடம் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் படிவம் என்றால் 'ஃபில் இட் இன்', அதைக் கொடுக்கும்போது 'ஹேண்ட் இட் இன்'. போனில் 'கோல் மீ பேக்', இன்னொருவருக்கு இணைப்புக் கொடுக்கச் சொன்னால் 'புட் மீ த்ரூ'. குளிருக்குச் சுவெட்டர் போடுவது 'புட் இட் ஓன்', கழற்றுவது 'டேக் இட் ஓஃப்'. காலையில் எழுப்புவது 'வேக் மீ அப்'. யோசித்துச் சொல்கிறேன் என்றால் 'ஐ வில் திங்க் இட் ஓவர்'. ஆட்டோவில் வெள்ளைக்காரர் ஏறி 'ட்ரொப் அஸ் ஓஃப் அட் த ஸ்டேஷன்' என்றால் பயப்பட வேண்டாம், ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொல்கிறார். 'ட்ரொப்' என்றதும் கீழே போட்டுவிடச் சொல்கிறார் என்று நினைத்த ஒரு தம்பி எங்கள் வகுப்பில் இருக்கிறான்.

பொருளே தேவைப்படாத வால் வினைகளும் உண்டு. 'த பஸ் ப்ரோக் டவுன்', 'த மிஸ்ட் கேம் டவுன்', 'டோண்ட் ஹேங் அப்'. அங்கே 'இட்'டுக்கு வேலை இல்லை, கடந்து போகலாம்.

நான்காம் படி: கொக்கி என்றால் 'இட்' பின்னால்

'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றால் அவனைப் பார்த்துக்கொள். 'லுக் ஃபோர் ஹிம்' என்றால் அவனைத் தேடு. 'லுக் அட் ஹிம்' என்றால் அவனைப் பார். மூன்றிலும் 'ஹிம்' கடைசியில். 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று எந்தக் காலத்திலும் கிடையாது.

இந்தப் படியில் நமக்குச் சிக்கல் இடம் இல்லை, எந்தக் கொக்கி என்பதும், கொக்கி வேண்டுமா வேண்டாமா என்பதும்தான். தமிழில் 'என்னைப் பார்' என்பதில் உள்ள 'ஐ' உருபை வைத்துக்கொண்டு 'லுக் மீ' என்று சொல்லிவிடுவோம். 'எனக்காக நில்லு' என்பதற்கு 'வெயிட் மீ' என்று வந்துவிடும், 'வெயிட் ஃபோர் மீ' வேண்டும். 'நான் சொல்றதக் கேளு' என்பதற்கு 'லிசன் டு மீ'. 'என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்' என்பதற்கு 'ஹீ இஸ் லாஃபிங் அட் மீ'.

கொக்கியை விட்டால் அர்த்தமே கவிழ்ந்துவிடுகிற ஒன்று: 'ஐ சர்ச்ட் ஃபோர் ஹிம்' என்றால் அவனைத் தேடினேன். 'ஐ சர்ச்ட் ஹிம்' என்றால் அவன் சட்டைப் பையில் கையை விட்டுச் சோதனை போட்டேன். காணாமல் போன தம்பியைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லும்போது 'ஃபோர்' விட்டுப் போனால் நீங்கள் பொலிஸ்காரர் ஆகிவிடுவீர்கள்.

நாய் கதையும் இப்படித்தான். 'த டோக் டர்ன்ட் ஓன் மீ' என்றால் நாய் என் மீது பாய்ந்தது. அதையே 'டர்ன்ட் மீ ஓன்' என்று மாற்றிப் போட்டால் வருகிற அர்த்தத்தை நான் இங்கே எழுத மாட்டேன், வகுப்பிலும் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்தான் சொல்வேன்.

ஏறுவது இறங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. பஸ்ஸும் ரயிலும் 'கெட் ஓன்', 'கெட் ஓஃப்'. காரும் ஆட்டோவும் 'கெட் இன்', 'கெட் அவுட் ஒவ்'. பொடி மெனிக்கே ரயில் பிளாட்ஃபோர்முக்கு வந்துவிட்டது என்றால் 'கெட் ஓன் இட்', ஹப்புத்தளையில் 'கெட் ஓஃப் இட்'. இங்கே 'ஓஃப்' கொக்கி, இடம் மாறாது. ஆனால் மழை நாளில் தேயிலை மலைக்குள் நடக்கப் போன சுற்றுலாக்காரர் காலில் அட்டை ஏறியதும் கத்துவது என்ன தெரியுமா? 'கெட் இட் ஓஃப்! கெட் இட் ஓஃப் மீ!' இங்கே 'இட்' அந்த அட்டை, 'மீ' அவர். அட்டையை என் மேலிருந்து எடு என்கிறார். 'கெட் ஓஃப் இட்' என்று அவர் சொல்லியிருந்தால் நீங்கள் அட்டையின் மேல் ஏறி நிற்கிறீர்கள், இறங்குங்கள் என்றாகிவிடும். சுண்ணாம்பையோ உப்பையோ எடுத்துக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் இலக்கணம் யோசிக்க முடியாது என்பது உண்மை, ஆனால் இந்த ஒரு கத்தலை மனதில் வைத்துக்கொண்டால் 'இட்' எங்கே நின்றால் என்ன அர்த்தம் என்பது மறக்காது.

ஐந்தாம் படி: வாலும் கொக்கியும் சேர்ந்து வந்தால்

வினை, வால், கொக்கி, அதன் பின்னால் பொருள். இந்த வரிசை மாறாது. 'ஐ கெட் ஓன் வித் ஹர்', அவளோடு எனக்கு ஒத்துப் போகும். 'ஐ லுக் ஃபோர்வர்ட் டு இட்', ஆவலோடு எதிர்பார்க்கிறேன். 'வீ ஹாவ் ரன் அவுட் ஒவ் இட்', தீர்ந்துவிட்டது. 2022இல் கேஸ் வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் நின்றவர்களுக்குக் கடைசி வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. 'இட்' கொக்கியின் பிடியில் இருக்கிறது, ஆகவே கடைசியில் நிற்கிறது, புதுச் சட்டம் ஒன்றுமில்லை.

இதில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்த கையோடு மலையடிவாரத்தில் ஒரு சின்ன விடுதியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இரவு எட்டு மணிக்கு மேல், நல்ல மழை, முதுகில் மூட்டையோடு ஒரு வயதான தம்பதி வந்து 'குட் யூ புட் அஸ் அப் ஃபோர் த நைட்?' என்று கேட்டார்கள். இன்று இரவு தங்க இடம் தர முடியுமா என்பது அதன் அர்த்தம். 'புட் அப்' எங்கேயோ படித்த ஞாபகம், அதோடு 'வித்' சேர்த்துச் சொன்னால் இன்னும் அழகாக இருக்கும் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்தி, 'யெஸ் சேர், வீ கேன் புட் அப் வித் யூ' என்றேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் குசினியில் இருந்த அண்ணன் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். நான் சொன்னதற்கு "பரவாயில்லை, உங்கள் தொல்லையைப் பொறுத்துக்கொள்கிறோம்" என்று அர்த்தம். 'புட் அஸ் அப்' வால், 'புட் அப் வித் அஸ்' வாலும் கொக்கியும். நடுவில் நிற்கிற 'அஸ்' விருந்தாளி, கடைசியில் நிற்கிற 'அஸ்' தொல்லை.

போகிற போக்கில் ஒன்று. 'கோப் அப் வித்' என்று நம் பக்கம் நிறையப் பேர் எழுதுகிறார்கள். 'கோப் வித்' மட்டும் போதும், அங்கே வால் கிடையாது.

ஆறாம் படி: எதுவும் வேண்டாத வினைகள்

தமிழ் உருபை அப்படியே தூக்கிக்கொண்டு போவதால் வருகிற பிழைகள் இவை. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதில் 'பற்றி' இருக்கிறதே என்று 'டிஸ்கஸ்ட் அபௌட் இட்' வேண்டாம், 'வீ டிஸ்கஸ்ட் இட்'. 'அவரோடு கல்யாணம்' என்பதற்காக 'மெரிட் வித் ஹிம்' வேண்டாம், 'மெரிட் ஹிம்'. 'எனக்குக் கோல் பண்ணு' என்பது 'கோல் மீ', நடுவில் 'டு' கிடையாது. 'நுவரெலியாவுக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்பதற்கு 'வீ ரீச்ட் நுவரெலியா', அங்கேயும் 'டு' கிடையாது.

ஆள் ஒருவர், பொருள் ஒன்று, இரண்டும் வரும்போது வினையைப் பார்க்க வேண்டும். 'கிவ் இட் டு மீ' சரி. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' தவறு, 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்றுதான் வர வேண்டும். 'சே மீ' தவறு, 'டெல் மீ' சரி, 'டெல் டு மீ' மறுபடியும் தவறு. இதற்குக் காரணம் கேட்காதீர்கள், மனப்பாடம்தான்.

ஏழாம் படி: 'உன்னோடு' என்றால் 'வித் யூ'

"குடையை எடுத்துக்கிட்டுப் போ" என்பதை 'டேக் த அம்ப்ரெல்லா வித் யுவர்செல்ஃப்' என்று சொல்லத் தோன்றும், உன்னோடு நீயே என்ற கணக்கில். ஆங்கிலத்தில் கொக்கி இடத்தைக் காட்டும்போது அநேகமாகச் சாதாரண 'யூ', 'மீ' போதும். 'டேக் இட் வித் யூ.' 'ஷட் த டோர் பிஹைண்ட் யூ.' 'ஐ ஹாவ் நோ மனி ஓன் மீ', கையில் காசில்லை. செய்கிறவரும் செய்யப்படுகிறவரும் ஒரே ஆள் என்றால்தான் 'செல்ஃப்' வரும்: 'ஐ கட் மைசெல்ஃப்', கவ்வாத்துக் கத்தி பட்டு என் கையை நானே வெட்டிக்கொண்டேன்.

எப்படிப் படிப்பது

கொப்பியில் 'டர்ன் ஓஃப்', 'லுக் ஆஃப்டர்' என்று மொட்டையாக எழுதி எதிரே அர்த்தம் போடுகிற முறையை விட்டுவிடுங்கள். 'டர்ன் இட் ஓஃப்', 'லுக் ஆஃப்டர் இட்', 'புட் அப் வித் இட்' என்று 'இட்'டோடு சேர்த்தே எழுதுங்கள். வால் எது, கொக்கி எது என்று பிறகு யோசிக்கவே வேண்டியதில்லை, எழுத்திலேயே விடை இருக்கும். மாணவர்களுக்கான ஆங்கில அகராதியை எடுத்தால் 'சம்திங்', 'சம்படி' என்ற சொற்கள் வினைக்கும் வாலுக்கும் நடுவில் அச்சாகியிருக்கிறதா, கடைசியிலா என்று பாருங்கள். அது இதைத்தான் காட்டுகிறது. ஒரு நாளைக்கு மூன்று போதும். மூன்றையும் உங்கள் வீட்டுப் பொருளைக் காட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வாய்க்குள் முணுமுணுத்தால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரியாது.

எங்கள் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயதில் ஒரு பங்களாவில் குசினி வேலைக்குப் போனவர். துரைசாணி சொன்னதை அப்படியே காதில் வாங்கி வைத்திருந்தார், சொல் பிரித்துத் தெரியாது, 'இட்' என்று ஒன்று இருப்பதும் தெரியாது. 'புட்டிட்டவுன்' என்றால் கீழே வை, 'டேக்கிட்டவே' என்றால் எடுத்துக்கொண்டு போ, அவ்வளவுதான். இன்றைக்கும் பூனை எலியைக் கவ்விக்கொண்டு வாசலுக்கு வந்தால் கையிலிருக்கிற விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு 'டேக்கிட்டவே! டேக்கிட்டவே!' என்று விரட்டுவார். பூனையும் திரும்பிப் போகும்.